மெய்விவாகத்தில் மெய் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர், கத்தோலிக்கத் திருச்சபைக்கு மனித உடல் என்றாலே அருவருப்பு என்றும், திருமணத்தைக்கூட அது வேறு வழியின்றிப் பொறுத்துக்கொள்கிறது என்றும், மணமாகாத குருக்கள் விதித்த தடைகளைத் தவிர இல்லறம் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தார். அவருக்கு மறுப்பாக வந்த கடிதங்களையும் படித்தேன். அவற்றில் கோபம் இருந்தது. திருச்சபை உண்மையில் என்ன கற்பிக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதுவே என்னை எழுத வைத்தது. நான் தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோரப் பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்) ஒன்றைச் சேர்ந்தவள். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கு வரும் இளையோரிடம் பல ஆண்டுகளாக என் கணவரும் நானும் பேசி வருகிறோம். அந்த அனுபவத்தையும், அதற்காகப் படிக்க நேர்ந்தவற்றையும் வைத்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த வாசகர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் குறைகூறுவது போதனையை அல்ல, அது எங்களுக்கு வந்துசேர்ந்த விதத்தை என்றே நினைக்கிறேன். நான் பத்துக் கட்டளைகளை ராகம்போட்டு ஒப்பித்த தலைமுறை. ஆறாம் கட்டளை, 'மோக பாவம் செய்யாதிருப்பாயாக'. மோக பாவம் என்றால் என்ன என்று எங்களில் ஒருத்தி கேட்டபோது, பெரியவளானால் தெரியும் என்று சொல்லிவிட்டு, மறைக்கல்வி கற்பித்த உபதேசியார் ஏழாம் கட்டளைக்குப் போய்விட்டார். களவைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். தெரியும் என்று அவர் சொன்ன வயது வந்தபோது, தாவணி போடு, தலைநிமிராமல் நட என்பதற்குமேல் வீட்டிலோ கோவிலிலோ யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கலியாணம் நிச்சயமாகி, கோவிலில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கப்பட்டு, மறுபடியும் எவரும் எதுவும் சொல்லாமலேயே மணமேடையில் நின்றோம். இப்படி வளர்ந்த ஒருவர், உடலைப் பற்றித் திருச்சபையிடம் உள்ளது மௌனமும் மிரட்டலும்தான் என்று முடிவுசெய்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அதே மறைக்கல்வியில் நாங்கள் மனப்பாடம் செய்த இன்னொரு சொல் இருந்தது. ஏழு தேவதிரவிய அனுமானங்களின் வரிசையில் கடைசியாக வரும் மெய்விவாகம். இன்று அவற்றைத் திருவருட்சாதனங்கள் என்கிறோம், மெய்விவாகத்தைத் திருமணம் என்கிறோம். மொழி எளிமையானதில் எனக்கு மகிழ்ச்சியே. என்றாலும் தமிழ் படித்த எனக்கு அந்தப் பழைய சொல்லின்மீது பற்று விடவில்லை. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. அச்சொல்லை ஆக்கியவர்கள் உண்மையான திருமணம் என்ற பொருளில்தான் ஆக்கியிருப்பார்கள். ஆனாலும் உடம்புக்கும் உண்மைக்கும் ஒரே பெயர் வைத்த மொழியில், திருமணத்துக்கு அப்படியொரு பெயர் அமைந்தது எனக்கு வெறும் தற்செயலாகத் தோன்றுவதில்லை. உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் கரும்பலகையில் எழுதிக்காட்டி, 'க' என்பது க்-உம் அ-உம் ஒட்டவைத்த இரண்டு எழுத்தல்ல, உயிர்மெய் என்னும் ஒரே எழுத்து என்று எத்தனையோ குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மனிதனைப் பற்றித் திருச்சபை சொல்வதும் இதுவே என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. ஆன்மா உடலுக்குள் குடியிருக்கும் வாடகைதாரர் அல்ல; இரண்டும் சேர்ந்த ஒன்றே மனிதர். 1312-ஆம் ஆண்டிலேயே, ஆயர்கள் கூடிய வியன் பொதுச்சங்கம் இதை அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. உடல் தீயது, ஆவியே நல்லது என்ற மானிக்கேயக் கொள்கையைத் திருச்சபை தன் வரலாறு நெடுகத் தவறென்றே மறுத்து வந்திருக்கிறது. இருந்தும் நம் வீடுகளிலும் பிரசங்க மேடைகளிலும் அந்தக் கொள்கையின் வாடை வீசிக்கொண்டிருந்தது என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை.

இந்த மறதியை நீக்குவதற்குத் தம் பணிக்காலத்தின் முதல் ஆண்டுகளைக் கொடுத்தவர், நாங்கள் அன்று அருள் சின்னப்பர் என்று அழைத்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். 1979 செப்டம்பர் 5 முதல் 1984 நவம்பர் 28 வரை, உரோமையில் புதன்கிழமை தோறும் மக்களைச் சந்திக்கும் நேரத்தில், 129 உரைகளில் அவர் உடலையும் திருமணத்தையும் பற்றியே பேசினார். 1981 மே 13 அன்று துப்பாக்கிச் சூட்டில் படுகாயமுற்ற காலத்தில் அந்த உரைகள் நின்றன; தேறி வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். திருத்தந்தையாவதற்கு முன்பே போலந்தில் நூலாக எழுதி வைத்திருந்ததைத்தான் அவர் பகுதி பகுதியாக வாசித்தார். மணமாகாதவருக்கு இதில் என்ன தெரியும் என்ற கேள்வி நியாயமானது. அவர் போலந்தின் கிராக்கோ நகரில் இளம் குருவாக இருந்த நாட்களில் மாணவர்களோடும் புதுமணத் தம்பதியரோடும் மலையேறவும் ஆற்றில் படகோட்டவும் போனார். குருக்கள் இளைஞர் குழுக்களை நடத்துவதைக் கம்யூனிச அரசு தடைசெய்திருந்ததால், அவர்கள் அவரைச் சாமியார் என்று அழைக்காமல் 'வூயெக்' என்று, அதாவது மாமா என்று, அழைத்தார்கள். அவர்களுடைய காதலையும் திருமணத்தையும் மணவாழ்க்கைச் சிக்கல்களையும் ஆண்டுக்கணக்கில் செவிகொடுத்துக் கேட்டவர் அவர். அந்தக் கேட்டல் அவருடைய உரைகளில் இருக்கிறது. ஆயினும் இந்தப் போதனையைப் பங்குகளில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் மணமானவர்களே என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர் தொடங்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கட்டளையிலிருந்து அவர் தொடங்கவில்லை. எக்காரணத்திற்காகவும் மனைவியை விலக்கிவிடலாமா என்று பரிசேயர் கேட்டபோது, உங்கள் கடின உள்ளத்தின் பொருட்டே மோசே அனுமதி அளித்தார், தொடக்கமுதல் அவ்வாறு இல்லை என்று இயேசு சொன்ன மறுமொழியை எடுத்துக்கொண்டு, அந்தத் 'தொடக்கம்' என்ன என்று விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் முதல் அதிகாரங்களுக்குள் போகிறார். விலங்குகளுக்கெல்லாம் பெயரிட்ட மனிதன் தனக்கு ஏற்ற துணை அவற்றுள் இல்லை என்று காண்கிறான். தான் தனி என்பதை அவன் தன் உடலாலேயே அறிகிறான். பிறகு பெண்ணைக் கண்டதும், என் எலும்பின் எலும்பு, சதையின் சதை என்று வியக்கிறான். விவிலியத்தில் மனிதன் வாய்திறந்து சொன்னதாக எழுதப்பட்டுள்ள முதல் சொற்கள் இவையே என்று நான் வகுப்பில் சொல்லும்போது இளைஞர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இருவரும் ஆடையின்றி இருந்தும் வெட்கப்படவில்லை என்ற வரிக்குத் திருத்தந்தை தரும் விளக்கமும் அருமையானது. ஒருவர் மற்றவரின் உடலில் ஆளைப் பார்த்தார். பயன்படுத்தும் பொருளைப் பார்க்கவில்லை. பாவத்துக்குப்பின் அவர்கள் இலைகளைத் தைத்து மூடிக்கொண்டது உடல் கெட்டுப்போனதால் அல்ல, பார்வை கெட்டுப்போனதால். மறைந்திருக்கும் மனிதரைக் கண்ணுக்குத் தெரியச் செய்வது உடல், அந்த உடலைக் கொடையாகத் தரலாம், ஏற்கலாம், எடுத்துக்கொள்ள முடியாது. 129 உரைகளின் சாரம் என்று நான் புரிந்துகொண்டது இவ்வளவே.

இந்தப் பார்வை எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு 1980 அக்டோபர் 8 அன்று அவர் பேசியது சான்று. ஒரு பெண்ணை இச்சையோடு நோக்கும் எவரும் தம் உள்ளத்தில் ஏற்கெனவே விபசாரம் செய்தாயிற்று என்ற இயேசுவின் மலைப்பொழிவு வரியை விளக்கும்போது, ஒருவன் தன் சொந்த மனைவியையே தன் இச்சையைத் தணிக்கும் பொருளாக மட்டும் நோக்கினால் அவனும் உள்ளத்தில் அந்தப் பாவத்தைச் செய்கிறான் என்றார். அடுத்த நாள் பல நாட்டுப் பத்திரிகைகள் அவரைக் கேலிசெய்தன. மனைவியைக்கூடப் பார்க்கக் கூடாதாம் என்று எழுதின. ஆனால் பயிற்சிக்கு வரும் பெண்களிடம் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். ஒருத்திகூடச் சிரிப்பதில்லை. தாலி கட்டிவிட்டால் எதுவும் தகும் என்று உலகம் நினைப்பதைத் திருச்சபையின் தலைவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வெளிப்படையாக மறுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குச் செய்தியாக இருக்கிறது. இதை ஏன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று, மகளுக்குத் துணையாக வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவருக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருக்குச் சொல்லப்பட்டது வேறு. கணவன் கேட்டால் மனைவி மறுக்கக் கூடாது, மறுத்தால் பாவம் என்பது எங்கள் ஊர்களில் மாமியார் முதல் மூத்த உறவினர் வரை எல்லாரும் சொல்லும் வாக்கு. பவுலடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். மனைவிக்குத் தன் உடல்மேல் அதிகாரம் இல்லை, கணவனுக்கே உண்டு என்று அங்கே எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அதே வசனம் அடுத்த வாக்கியத்தில், அவ்வாறே கணவனுக்கும் தன் உடல்மேல் அதிகாரம் இல்லை, மனைவிக்கே உண்டு என்கிறது. அதற்கடுத்த வசனம், விலகியிருப்பதானாலும் இருவரும் ஒத்துக்கொண்டே விலகியிருக்க வேண்டும் என்கிறது. கணவனின் உடல்மேல் மனைவிக்கு அதிகாரம் உண்டு என்று முதல் நூற்றாண்டில் ஒருவர் எழுதினார் என்பதே எவ்வளவு பெரிய செய்தி! பாதி வசனத்தை மட்டும் படித்துக்காட்டி ஒரு பெண்ணை வாயடைக்கச் செய்வது மறைபோதனையும் அல்ல, நேர்மையும் அல்ல.

எபேசியர் திருமுகத்துக்கும் இதே கதிதான். கலியாண மண்டபத்தில் வாழ்த்துரை வழங்கும் பெரியவர்கள், மனைவியரே, உங்கள் கணவருக்குப் பணிந்திருங்கள் என்ற ஐந்தாம் அதிகாரத்து 22-ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்கு முந்தைய 21-ஆம் வசனம், கிறிஸ்துவுக்கு அஞ்சி ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று தொடங்கிவைப்பதை அவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. பெண்களின் மாண்பைப் பற்றி 1988-இல் எழுதிய திருமடலில் இரண்டாம் யோவான் பவுல், இந்தப் பணிவு ஒருதலையானது அல்ல, இருவரும் ஒருவருக்கொருவர் பணிவது என்று ஐயத்துக்கு இடமின்றி விளக்கினார். 2016-இல் 'அன்பின் மகிழ்வு' என்ற ஏட்டில் திருத்தந்தை பிரான்சிஸ், பாலுறவில் ஒருவர் மற்றவரை அடக்கியாளும் எல்லா வடிவங்களையும் தெளிவாக மறுக்க வேண்டும் என்றார். மணமகனுக்கு எபேசியர் திருமுகத்தின் அதே ஐந்தாம் அதிகாரம் சொல்வதோ, கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல நீ உன் மனைவிக்காக உன்னைக் கையளி என்பது. சிலுவையில் தொங்கிய ஒருவரைத்தான் கணவனுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள் என்று நான் சொல்லும்போது, அதுவரை புன்னகையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இங்கே நாட்டின் சட்டத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த விதிவிலக்கைத் தொடர்ந்து வைத்துக்கொண்டு, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு அவள் விருப்பமின்றி நடந்தாலும் வன்புணர்வு ஆகாது என்கிறது. இந்த விதிவிலக்கு செல்லுமா என்பதில் 2022 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். திருச்சபையோ, துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பொருட்படுத்தாமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்புச் செயல் அல்ல என்று 1968-லேயே எழுதிவிட்டது. எழுதியவர் திருத்தந்தை ஆறாம் பவுல். எழுதிய இடம், கருத்தடையைத் தடுத்த சுற்றுமடல் என்று மட்டுமே எல்லாரும் அறிந்துள்ள 'ஹூமானே வீத்தே'யின் 13-ஆம் பத்தி. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1061-ஆம் விதி, மணவுறவு 'மனிதத் தன்மையோடு' நிகழ்ந்திருந்தால்தான் திருமணம் நிறைவுற்றதாகக் கொள்கிறது. 1153-ஆம் விதி, உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணையிடமிருந்து பிரிந்து வாழ்வதை அனுமதிக்கிறது. காலம் தாழ்த்தினால் ஆபத்து என்ற நிலையில் யாரிடமும் முன்அனுமதி கேட்காமலே வெளியேறலாம் என்கிறது. அடிதாங்க முடியாமல் தாய்வீடு வந்த பெண்ணைச் சிலுவையாக ஏற்றுக்கொள் என்று திருப்பி அனுப்புகிறவர்கள், தங்கள் திருச்சபையின் சட்டத்தையே அறியாதவர்கள்.

'ஹூமானே வீத்தே'யைப் பற்றிப் பேச வந்துவிட்டதால், கடினமான பகுதியைத் தாண்டிக் குதிக்காமல் நின்று பேசுகிறேன். கருத்தடையைப் பற்றி ஆராய, திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963-இல் ஒரு குழுவை அமைத்தார்; ஆறாம் பவுல் அதை விரிவாக்கினார்; 1966-இல் அதன் பெரும்பான்மையோர் தடையைத் தளர்த்தும் மாற்றத்துக்கு ஆதரவாகவே கருத்துச் சொன்னார்கள். ஆறாம் பவுல் அதை ஏற்காமல், 1968 ஜூலை 25 தேதியிட்ட மடலில், இல்லற உறவிலிருந்து ஒன்றிப்பையும் உயிரளிக்கும் தன்மையையும் மனிதர் தாமே பிரிக்கலாகாது என்று போதித்தார். கத்தோலிக்கரில் பலர் இதைப் பின்பற்றுவதில்லை என்பது ஊரறிந்தது. என் வகுப்பில் உட்காரும் இணையர்களில் பலரும் பின்பற்றமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களை மிரட்ட எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. திருமணமானவர்கள் படிப்படியாகவே வளர்கிறார்கள் என்பதை குடும்பத்தைப் பற்றி இரண்டாம் யோவான் பவுல் 1981-ஆம் ஆண்டு எழுதிய ஏடு ஒப்புக்கொள்கிறது. ஆனால் என்ன சொல்லப்படுகிறது என்று தெரிந்துகொண்டபின் முடிவெடுப்பது வேறு, தெரியாமலே தள்ளிவிடுவது வேறு. திருச்சபை பெற்றுக்கொண்டே இருக்கச் சொல்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்தச் சுற்றுமடலே பொறுப்புள்ள பெற்றோர்நிலையைப் பற்றிப் பேசுகிறது. உடல்நலம், மனநலம், வருவாய், சூழல் ஆகியவற்றை எண்ணிப்பார்த்து, தக்க காரணங்களுக்காகக் குழந்தைப்பேற்றைத் தள்ளிவைக்கவும், கருவுறாத நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளவும் அது இடம் தருகிறது.

அந்த நாட்களை அறிவது எப்படி என்பதை நாங்கள் வெட்கப்படாமல் சொல்லித்தருகிறோம். முட்டை வெளிவந்தபின் ஒருநாள் அளவே உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். எனவே ஒரு சுழற்சியில் கருவுற வாய்ப்புள்ள நாட்கள் ஏறக்குறைய ஆறுதான். அவற்றை உடலே காட்டிக்கொடுக்கிறது. வெள்ளை நீர் தெளிந்து, வழுவழுப்பாகி, இழுபடும் நாட்களைக் கவனித்துக் குறித்து வைக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் மருத்துவத் தம்பதியர் உலகெங்கும் பரப்பினார்கள். பட்டம் பெற்ற பெண்கள்கூட இதை முதன்முறையாக எங்கள் வகுப்பில் கேட்பதாகச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. அதே சமயம் இது எளிது என்று நான் பொய் சொல்வதில்லை. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கும், பால்கொடுக்கும் தாய்மாருக்கும், கப்பலுக்குப் போய் ஆண்டில் சில வாரங்களே வீட்டில் இருக்கும் கணவரைப் பெற்றவர்களுக்கும் இது எவ்வளவு பாரம் என்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் நான் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம்.

இருந்தும் இந்த முறையில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண் மனமொப்பிக் காத்திருக்காவிட்டால் இது நடக்காது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சையை நம்பியிருக்கிறார்கள். ஆண்களின் அறுவைச் சிகிச்சையை நம்பியிருக்கும் தம்பதியர் 0.3 விழுக்காடு. ஆணுக்கான அறுவைச் சிகிச்சை எளிதானது என்று மருத்துவர்கள் சொல்லியும் இந்த நிலை. இரண்டையுமே திருச்சபை ஏற்பதில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் இந்த எண்கள் எனக்குக் காட்டுவது, பிள்ளைப்பேற்றின் சுமையைப் போலவே பிள்ளை வேண்டாம் என்பதன் சுமையையும் பெண்ணின் உடலே சுமக்கிறது என்பதைத்தான். பெண்ணுக்குரிய மரியாதையை மறந்து ஆண் அவளைத் தன் இன்பத்துக்கான கருவியாக்கிவிடுவான் என்று ஆறாம் பவுல் அஞ்சினார். அவர் முன்வைத்த வழியை ஏற்காதவர்கள்கூட அந்த அச்சம் வீண் என்று சொல்லிவிட முடியாது.

பிள்ளையில்லாத தம்பதியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைப்பேற்றை இவ்வளவு உயர்த்திப் பேசும் போதனை, பிள்ளையில்லாதவர்களைத் தாழ்த்துகிறதோ என்று ஒரு பெண் கண்கலங்கக் கேட்டார். எவ்வளவு ஏங்கியும் குழந்தை பிறக்காத நிலையிலும் திருமணம் வாழ்வு முழுவதையும் தழுவிய உறவாகவே நிலைத்து நிற்கிறது, அதன் மதிப்புக் குறைவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எழுதியதை அவருக்கு எடுத்துப் படித்துக் காட்டினேன். நம் ஊர்களில் அப்பெண்களுக்குச் சூட்டும் பெயரை இங்கே எழுத என் கை வரவில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர்களாகிய நமக்கே உரிய ஒரு தடையும் இருக்கிறது. கொடை என்ற சொல்லை மையமாக வைத்த போதனையை, பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம் என்று பேசும் ஊரில் கற்பிக்க வேண்டியிருக்கிறது. கொடுப்பவர் தந்தை, எடுப்பவர் மாப்பிள்ளை வீட்டார், கொடுக்கப்படுபவள் பெண். கூடவே இத்தனை சவரன், இத்தனை ரொக்கம். திருச்சபைச் சட்டத்தின் 1057-ஆம் விதியோ, மணமக்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது, அந்தச் சம்மதத்தை வேறெந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்கிறது. அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் செல்லாது என்கிறது 1103-ஆம் விதி. பீடத்தின் முன்னால் வலக்கை கோத்து, இன்பத்திலும் துன்பத்திலும் உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாயிருப்பேன் என்று வாக்களிக்கும்போது, அங்கே எந்தத் தந்தையும் எவளையும் கொடுப்பதில்லை. அவள் தன்னைத் தருகிறாள். அவன் தன்னைத் தருகிறான். பேரம்பேசி முடித்த கலியாணத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லும் இளைஞன், தன்னைக் கொடையாகத் தருகிறேன் என்று எப்படிச் சொல்வான்? அவனுக்குத்தான் ஏற்கெனவே விலை பேசியாயிற்றே. சாதி பார்த்து, காதலித்தவர்களைப் பிரித்து, வேறிடத்தில் அவசரமாக நடத்தும் மணங்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். இதையெல்லாம் பேசாமல் கருத்தடையை மட்டும் பேசும் பயிற்சி, மக்கள் காதில் விழாததில் வியப்பில்லை.

பயிற்சியின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த இடங்களில் அது இரண்டு அல்லது மூன்று நாள். வருபவர்களில் பெரும்பாலோர் சான்றிதழுக்காக வருகிறார்கள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்ற நிலையில் வருகிறார்கள். அந்த நேரத்தில் எதைச் சொல்லி எதை மாற்றுவது? குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் தொலைத் தயாரிப்பு, தக்க வயதில் தொடரும் அடுத்தகட்டத் தயாரிப்பு, மணநாளை ஒட்டிய தயாரிப்பு என மூன்று கட்டங்களை, முன்பு சொன்ன 1981-ஆம் ஆண்டுக் குடும்ப ஏடு வகுத்தது. நாம் மூன்றாவதைச் சுருக்கிச் செய்துவிட்டு முதல் இரண்டையும் விட்டுவிட்டோம். மறைக்கல்வியில் பதின்ம வயதினருக்கு உடலைப் பற்றி, அவர்கள் வயதுக்கேற்ப, சுற்றி வளைக்காத தமிழில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கைப்பேசி சொல்லிவிடும், அது சொல்லும் விதம் நமக்குத் தெரியும். பாலியல் கல்வி வேண்டும் என்று 'அன்பின் மகிழ்வு' வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நம் பங்குப் பேரவைகளில் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பவர்கள் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் யோவான் பவுலின் உரைகளிலும் எனக்கு ஒரு குறை உண்டு. உடல் பேசும் மொழியை அவ்வளவு நுட்பமாகக் கேட்டவர், தளர்ந்த உடல், நோயுற்ற உடல், பேறுகால வலியில் கிடக்கும் உடல், உழைத்துக் களைத்துவந்து படுக்கையில் விழும் உடல் ஆகியவற்றைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் இல்லறத்தில் வாழ்ந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள். அதற்கு முதலில் இந்த உரைகள் அன்பியங்கள் என்னும் எங்கள் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களில் தமிழில் படிக்கப்பட வேண்டும். தத்துவ மொழியில் இருப்பதைப் படகுத்துறையில் நிற்பவருக்கும் புரியும் தமிழில் எழுதுவதற்கு இங்கே குருக்களும் துறவியரும் மருத்துவர்களும் தமிழாசிரியர்களும் இருக்கிறார்கள். தங்கள் நாளிதழ் ஞாயிறு இணைப்பில் ஆன்மிகத்துக்கு ஒதுக்கும் பக்கத்தில் இதற்கு அவ்வப்போது இடம் தந்தால், முதலில் எழுதிய அந்த வாசகருக்கும் மறுத்து எழுதியவர்களுக்கும் சேர்ந்து படிக்க ஏதாவது கிடைக்கும்.

எங்கள் பங்கில், உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்ததும், திருமணம் நிச்சயமாகாத இளையோருக்கும் மணமான தம்பதியருக்கும் சேர்த்து ஆறு வார வகுப்பு ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். ஆண்கள் தவறாமல் வர வேண்டும் என்பதற்காக, கடலுக்குப் போகாத ஞாயிறு மாலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். முதல் வாரத்துக்குப் பாடமாக, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரம் நான்காம் வசனத்தை வைத்திருக்கிறேன். இம்முறை அதை முழுவதுமாகப் படிப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.